எந்த ஸ்கூல்?

வாரநாளில் காலை பதினொரு மணிக்கு ஒன்பது வயதுப் பிள்ளையோடு பஸ் ஏறினால், கண்டக்டர் டிக்கெட்டோடு ஒரு கேள்வியையும் கிழித்துக் கொடுப்பார்: “ஸ்கூல் லீவா?” பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைத்த தாய்மாருக்குத் தொண்ணூறுகளில் அந்தக் கேள்வி வயிற்றைக் கலக்கும். “காய்ச்சல்” என்று சொல்லிச் சமாளிப்பார்கள். இன்று பிள்ளையே முந்திக்கொள்கிறது: “நான் ஹோம்ஸ்கூல், அங்கிள்.”

அன்று வெளியிலிருந்து கிடைத்த துணை கைவிரலில் அடங்கும். பாடநூல் கழகத்தில் வரிசையில் நின்று வாங்கிய புத்தகங்கள். கிளை நூலகம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இல் தொடங்கிய ‘துளிர்’ இதழ். அடுத்த தெருப் பாட்டு டீச்சர். தியாகராய நகர் இந்திப் பிரசார சபாவின் பிராத்மிக் பரீட்சையும் பெரிய ஆறுதல். அதை எழுதப் பள்ளிச் சான்று தேவையில்லை. இல்லாதது ஒன்றே ஒன்று, கூட்டாளி. நம்மைப் போல் இன்னொரு குடும்பம் இதே ஊரில் இருக்கிறது என்று தெரியவே வருஷக்கணக்காகும்.

இன்று கூட்டாளிக்குப் பஞ்சமில்லை. வாட்ஸ்அப் குழுவில் “நாளை பத்து மணிக்கு மியூசியம், யார் வர்றீங்க?” என்று கேட்டால் எழும்பூரில் நாலைந்து குடும்பங்கள் கூடிவிடும். சென்னையில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூலகத்திலும் சிறுவர்களுக்கென்றே பெரிய பகுதி இருக்கிறது. பாடநூலின் கியூஆர் கோடைப் போனில் காட்டினால் பாடம் வீடியோவாக ஓடுகிறது. புணேயில் இருந்துகொண்டு அரவிந்த் குப்தா தீப்பெட்டியிலும் உறிஞ்சுகுழலிலும் செய்துகாட்டிய அறிவியல் பொம்மைகளை, காசு செலவில்லாமல் இணையத்தில் பார்த்து வீட்டிலேயே செய்யலாம்.

துணை பெருகியதில் ஒரு வேடிக்கையும் நடக்கிறது. திங்கள் ரோபோட்டிக்ஸ், செவ்வாய் சிலம்பம், புதன் செஸ், வியாழன் கீபோர்டு. டைம்டேபிள் வேண்டாமென்று வெளியே வந்தவர்கள் ஆட்டோவிலேயே பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள். இதற்கெல்லாம் கட்டணமும் உண்டு. சிற்றூரில் இருப்பவருக்கு இன்றும் கிளை நூலகமும் கையிலிருக்கும் போனும்தான்.

சான்றிதழ் விஷயத்தில் வழி முன்பே உண்டு. சிபிஎஸ்இ 1979இல் சோதனையாகத் தொடங்கிய திறந்தநிலைப் பள்ளி 1989இல் தனி நிறுவனமானது. இன்று அதன் பெயர் என்ஐஓஎஸ். பதினாலு வயது நிரம்பியவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஒரே மூச்சில் எல்லாப் பாடங்களையும் எழுத வேண்டியதில்லை. ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. நம் மாநிலத்திலோ பன்னிரண்டரை வயது முடிந்த பிள்ளை எட்டாம் வகுப்புத் தேர்வை நேரடியாக எழுதலாம்.

சிக்கல் வேறு இடத்தில். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினாலு வயதுவரை எல்லாக் குழந்தைக்கும் பள்ளியை உரிமையாக்கியது. வீட்டில் படிப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தடையும் இல்லை, அங்கீகாரமும் இல்லை. அந்த மௌனம் விண்ணப்பப் படிவத்தில் வந்து உட்காருகிறது. மாவட்ட அளவில் ஒரு நீச்சல் போட்டி என்று வைத்துக்கொள்வோம். மகள் தயார், கோச் தயார். படிவத்தில் ‘பள்ளியின் பெயர்’, கீழே ‘தலைமையாசிரியர் கையொப்பம், முத்திரை’. அப்பா பேனாவைத் திறந்து, மறுபடி மூடி வைக்கிறார். கண்டக்டரின் கேள்விக்குப் பிள்ளை பதில் சொல்லிவிட்டது. காகிதத்தின் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

இத்தனைக்கும் அரசிடமே பதில் இருக்கிறது. பள்ளிப் பெயர் இல்லாத பிள்ளைக்குத் தேர்வுத் துறை எத்தனையோ வருஷமாக ஒரு பெயர் வைத்திருக்கிறது: தனித்தேர்வர். ஹால் டிக்கெட் தருகிறது, மதிப்பெண் பட்டியலும் தருகிறது. போட்டி நடத்துகிறவர்களும் பரிசு கொடுக்கிறவர்களும் தங்கள் படிவத்தில் அந்த ஒரு கட்டத்தைச் சேர்த்தால் போதும். அதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். அடுத்த முறை அச்சடிக்கும்போது ஒரு வரி.