மூடிய பெட்ரோல் நிலையமும் பக்கத்து வீட்டுக் கிணறும்

ஆயர் தாவார் மாதிரியான சிற்றூர்களில் சாலையோரப் பெட்ரோல் நிலையம் ஒன்று மூடப்பட்டால், சில மாதங்களில் பம்புகளைக் கழற்றிவிடுவார்கள், லாலான் முளைத்துவிடும். பிறகு “நிலம் மலிவாகக் கிடைக்கிறது, வீடு கட்டலாமா?” என்ற கேள்வி வரும். கட்டலாம். ஆனால் அதற்கு முன் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

பெட்ரோல் நிலையத்தின் வயிறு பூமிக்கு அடியில் இருக்கிறது. பழைய காலத்து இரும்புத் தொட்டிகள் துருப்பிடித்து, குழாய் இணைப்புகள் தளர்ந்து, சொட்டுச் சொட்டாக ஒழுகும். மேலே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது என்பதால் நிலத்தடி நீரின் மேல் படலமாக மிதக்கும். அதிலுள்ள பென்சீன் மட்டும் சும்மா இருப்பதில்லை. நீரில் கரைந்து, நீர் போகும் திசையில் தானும் போகும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள்.

அடுத்தவர் கிணற்றுக்கு எண்ணெய் போனால் என்ன ஆகும் என்பதை யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் மக்களைக் கேட்க வேண்டும். அங்கே இருந்தது பெட்ரோல் நிலையமல்ல, மின் நிலையம். ஆனால் மண்ணுக்குள் நடப்பது ஒன்றேதான். யாழ்ப்பாணம் சுண்ணாம்புப் பாறை நிலம். அங்கே குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் கிணற்றை விட்டால் வேறு வழி குறைவு. பாறை வெடிப்புகள் வழியாக எண்ணெய் பரவி, சுற்றுப்புறக் கிணறுகளில் மிதந்தது. 2015-இல் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும். அது பாதிக்கப்பட்ட 500 பேருக்காவது, ஆளுக்கு 40,000 ரூபாய்க்கு மேற்படாமல், கிணற்றைச் சுத்தம் செய்யும் செலவுக்கும் இழப்புக்குமாகப் போய்ச் சேர வேண்டும். கெடுத்தவரே செலவைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கைக்கு நல்ல தீர்ப்புதான். ஆனாலும் கிணற்று நீரை நம்பியிருந்த குடும்பத்துக்கு 40,000 ரூபாய் எந்த மூலைக்கு?

சரி, கெட்ட மண்ணை எப்படிச் சுத்தப்படுத்துவது? வேகமான வழி, தோண்டி எடுப்பது. தொட்டியைத் தூக்கி, அதன் அடியில் நாறும் மண்ணை லோரியில் ஏற்றிவிடலாம். ஆனால் அந்த மண்ணை ஏதாவது ஒரு செம்பனைத் தோட்ட ஓரத்தில் கொட்டிவிட முடியாது. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளில் எண்ணெய்க் கசிவைச் சுத்தம் செய்து எடுத்த மண், அட்டவணையிடப்பட்ட கழிவு. உரிமம் உள்ளவரே அதைக் கொண்டுபோய், அனுமதி பெற்ற இடத்தில் ஒப்படைக்க வேண்டும். செலவு இங்கேதான் ஏறுகிறது.

தோண்ட முடியாத ஆழத்தில் இருந்தால், குழாய் இறக்கிக் காற்றை உறிஞ்சி ஆவியை வெளியே இழுப்பார்கள். எளிதில் ஆவியாகும் பெட்ரோலுக்கு இது சரி. டீசலுக்கு அவ்வளவாக எடுபடாது. டீசலைத் தின்ன மண்ணிலேயே நுண்ணுயிர்கள் உண்டு. காற்றும் கொஞ்சம் உரமும் கொடுத்தால் அவை வேலை செய்யும். ஆனால் மாதக் கணக்கு, சில இடங்களில் வருடக் கணக்கு. அவசரக்காரருக்கு ஆகாது. களிமண்ணில் காற்றே நுழையாது, இன்னும் தாமதம். புது மண் கொட்டி மேலே சிமெண்ட் பூசுவது சுத்தம் செய்வதில் சேராது. வாடை அடங்கும், அவ்வளவுதான்.

கெட்டுப்போன நிலத்தைக் கையாள 2009-இல் நமது சுற்றுச்சூழல் இலாகா வழிகாட்டிகள் வெளியிட்டது. நிலம் வாங்குபவர் விற்பவரிடம் கேளுங்கள்: எத்தனை தொட்டிகள் இருந்தன, எல்லாம் வெளியே எடுக்கப்பட்டனவா, குழியின் அடிமண் சோதிக்கப்பட்டதா? ஈயம் கலந்த பெட்ரோல் விற்ற காலத்து நிலையம் என்றால் ஈயத்துக்கும் சோதனை வேண்டும். பக்கத்தில் கிணறு வைத்திருப்பவர்கள் ஆய்வுக்கூடத்தில் “பென்சீன் பார்க்க வேண்டும்” என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். கிருமியும் உப்பும் மட்டும் பார்க்கும் சோதனையில் அது அகப்படாது.