லிப்கர்ல்

லிப்கர்ல் என்பது இணையவழித் தரவுப் பரிமாற்றத்துக்கான கட்டற்ற நிரலகம் ஆகும். நிரலகம் என்பது தனித்து இயங்காமல், பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் செயற்கூறுகளின் தொகுப்பு. சுவீடனைச் சேர்ந்த டேனியல் இசுடென்பர்க் 1998 மார்ச்சில் வெளியிட்ட கர்ல் என்னும் கட்டளைவரிக் கருவியிலிருந்து இது 2000 ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்டது.

பிரித்தெடுப்பு

பரிமாற்ற வேலை கருவிக்குள்ளேயே பொதிந்திருந்தால், அதனை வேண்டும் வேறொரு நிரல் கருவியைத் தனியே இயக்கி, அது வெளியிடுவதைப் படித்தறிய வேண்டும். நிரலகம் இச்சுற்றுவழியைத் தவிர்க்கிறது. எனினும் நிரல்வரிகளை வேறு கோப்புக்கு மாற்றுவது மட்டும் பிரிப்பாகாது. பிழை நேர்ந்தால் கட்டளைவரிக் கருவி திரையில் செய்தி காட்டிவிட்டு முடிந்துவிடலாம். நிரலகம் அவ்வாறு செய்தால் தன்னை அழைத்த நிரலையும் சேர்த்தே நிறுத்திவிடும். ஆகவே லிப்கர்ல் பிழை எண்ணைத் திருப்பித் தருகிறது; அடுத்து என்ன செய்வது என்பதை அழைத்த நிரலே முடிவு செய்யும். பெறப்படும் தரவும் அந்நிரல் குறிப்பிட்ட செயற்கூற்றிடம் சிறிது சிறிதாக ஒப்படைக்கப்படுகிறது.

இடைமுகம்

பிரித்தபின் இடைமுகத்தை விருப்பம்போல் மாற்றவியலாது என்பதே இம்முறையின் கடினமான பகுதி. 2006 இல் வெளியான 7.16.0 பதிப்பில் ஒரு எஃப்டிபி வசதி நீக்கப்பட்டதால், நிரலகத்தின் இடைமுக எண் 3 இலிருந்து 4 ஆக உயர்ந்தது. பழைய எண்ணுடன் பிணைக்கப்பட்ட நிரல்கள் புதிய நிரலகத்தைத் தாமாகக் கண்டுகொள்ளா. அதன்பின் அவ்வெண் மாற்றப்படவில்லை.

பயன்பாடு

பிஎச்பி மொழியும், கிட் மென்பொருளின் எச்டிடிபி வழியிலான பரிமாற்றமும் லிப்கர்லைப் பயன்படுத்துகின்றன. கர்ல் கருவியும் இன்று அதனை அழைக்கும் நிரல்களுள் ஒன்றே.