மூன்று நாள் விருந்து



வெளியூரிலிருந்து விருந்தினர் வருகிறார்கள் என்ற செய்தி கிடைத்ததும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "என்ன சமைப்பது?" என்பதுதான். "எதைக் காட்டுவது?" என்பது அதற்குப் பிறகு. அதுவும் ஆண்கள் பொறுப்பாகிவிடும். வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, கோட்டை, கடற்கரை, ஐஸ்கிரீம் கடை என்று ஒரே நாளில் ஓட்டிக் காட்டி, "யாழ்ப்பாணம் முழுதும் பார்த்தாயிற்று" என்று சொல்லிவிடுவோம். வீட்டுப் பெண்மணியோ அன்று முழுதும் அடுப்படியிலேயே நின்றிருப்பார்.

அரியாலையில் குடியிருக்கும் நானும் பல வருடங்கள் அப்படித்தான் செய்தேன். மாரி மழை ஓய்ந்த ஒரு விடுமுறையில், புத்தளத்திலிருந்து வந்த ஒரு மாமி அந்த வழக்கத்தை மாற்றிவிட்டார்.

விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவதை ஈமானோடு சேர்த்துச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். விருந்து மூன்று நாட்கள், அதற்கு மேற்பட்டது தர்மம் என்றும் கற்பித்தார்கள். அந்த மாமி எங்களிடம் சரியாக மூன்று நாட்களே தங்கினார். ஆனால் எங்கள் குடும்பம் அவர் வீட்டில் ஒரு காலத்தில் ஏழு மாதங்கள் தங்கியிருந்தது. அந்தக் கதையைச் சொன்னால்தான் மற்றவை விளங்கும்.

யார் அந்த மாமி?

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேறும்படி விடுதலைப் புலிகளால் கட்டளையிடப்பட்டார்கள். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் இவ்வாறு வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோருக்குப் புத்தளம் மாவட்டமே புகலிடமாயிற்று. அங்குள்ள மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் வீட்டுத் திண்ணைகளையும் திறந்துவிட்டார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. உடுத்த உடுப்போடு போய் இறங்கிய எங்கள் ஆறு பேருக்கும் தம் வீட்டு முன் மண்டபத்தைக் கொடுத்தவர்தான் இந்த மாமி. அவருக்கே நான்கு பிள்ளைகள். பிறகு நாங்கள் ஓலைக்கொட்டிலுக்கு மாறினோம். நான் அரபுக் கல்லூரியில் ஓதி முடித்து ஆசிரியனானேன். போர் 2009இல் முடிந்தபின் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் பெற்று வந்தேன். சோனகத்தெருவில் வாப்பாவின் வீடு நான்கு சுவர்களாக மட்டுமே நின்றது. உள்ளே ஒரு வேப்பமரம் வளர்ந்திருந்தது. ஆகவேதான் அரியாலையில் வாடகைக்கு வீடு எடுத்தோம்.

முதல் நாள்: கிணறும் கூழும்

மாமி தம் மகளோடும் இரண்டு பேரப்பிள்ளைகளோடும் வந்தார். கண்டி வீதியில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி, செம்மணி வெளியில் வான் வரும்போது, "இந்த வெளி என்ன மகன், இப்படிக் கிடக்குது?" என்று கேட்டார். வெளியூரார் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. உப்பு விளைந்த நிலம் என்றேன். அதோடு நிறுத்தக்கூடாது என்று 2025இல் இங்கே சித்துப்பாத்தி மயானத்தருகே மண்ணைத் தோண்டியபோது இருநூறுக்கு மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டதையும் சொன்னேன். மாமி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மௌனமாகத் துஆக் கேட்டார். விருந்தினருக்கு ஊரைக் காட்டுவது என்றால் அழகானதை மட்டும் காட்டுவதல்ல என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உளூச் செய்யப் போன பேரன், "இங்க ஆறு எங்க இருக்கு?" என்று கேட்டான். நல்ல கேள்வி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் கிடையாது. நிலத்தின் கீழே சுண்ணாம்புக் கல். மாரி மழை அந்தக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. அந்த நன்னீரைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறிவிடும். கடல்நீரேரிக்கு அருகிலுள்ள அரியாலைக் கிணறுகள் சிலவற்றில் தண்ணீர் இப்போதே உவர்ப்புத்தான். "அப்ப உளூச் செய்யவும் அளந்துதான் அள்ளணும்" என்றார் மாமி. ஓடும் ஆற்றிலும் வீண்விரயம் கூடாது என்ற படிப்பினையைப் பேரனுக்கு நினைவூட்ட எனக்கும் வாய்ப்புக் கிடைத்தது.

என் மனைவி பகல் விருந்துக்கு அடுப்பை மூட்டினாள். அப்போது பக்கத்து வளவு அக்கா வேலியருகே வந்தார். அறுபது வயதைத் தாண்டிய தமிழ்ப் பெண்மணி. "மௌலவி, வந்தவைக்கு இண்டைக்கு என்ரை வீட்டிலை கூழ். மீன், நண்டு, இறால்தான் போடுறன். பானையும் புதுசு வாங்கினனான். தங்கச்சியை அடுப்படியிலை விடாதேங்கோ" என்றார்.

ஒடியல் கூழ் யாழ்ப்பாணத்துக்கே உரியது. பனங்கொட்டைகளைப் பாத்தியில் புதைத்தால் சில மாதங்களில் கிழங்கு இறங்கும். அதைக் கிண்டியெடுத்து, பச்சையாகவே கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். பானையில் மீன், நண்டு, இறாலோடு மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் வெந்து வரும்போது அரைத்த மிளகாயும் பழப்புளியும் சேர்த்து, ஒடியல் மாவைக் கரைத்து விடுவார்கள். பலாவிலையைக் கோலித் தென்னோலை ஈர்க்கால் குத்தி, அதில் ஊற்றிச் சுடச்சுடக் குடிப்பது வழக்கம். இந்தக் கூழை ஒருவருக்கென்று யாரும் காய்ச்சுவதில்லை. பானை வைத்தால் அயலுக்கும் சேர்த்துத்தான்.

வேம்பின் கீழ் பாய் விரித்துக் குடித்துக்கொண்டிருக்கும்போது மாமி, "இவங்க எங்கட வீட்டுக்கு வந்தது தொண்ணூறாம் ஆண்டு, ஒக்டோபர் முப்பது கழிச்சு" என்று பேச்சுவாக்கில் சொன்னார். அந்த அக்கா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார்.

"நாங்கள் வெளிக்கிட்டதும் ஒக்டோபர் முப்பதிலைதான் அம்மா. தொண்ணூற்றைஞ்சிலை" என்றார்.

1995இல் படையினர் நகரை நெருங்கியபோது, அதே ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் எல்லோரும் தென்மராட்சிக்கு வெளியேற வேண்டுமென்று புலிகள் அறிவித்தார்கள். இலட்சக்கணக்கானோர் கொட்டும் மழையில் இந்தச் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்தார்கள். ஐந்து வருட இடைவெளியில், ஒரே திகதியில், இரண்டு சமூகங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போயின. பக்கத்து வளவில் இத்தனை காலம் இருந்தும் நான் அவரிடம் அதைக் கேட்டதில்லை. விருந்தாளி வந்து இருந்ததால்தான் அந்தப் பேச்சு வந்தது. அக்காவும் மாமியும் அஸர் வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் நாள்: நூலகம், கோட்டை, சோனகத்தெரு

மறுநாள் காலை என் மனைவி, "நீங்கள் போய்ட்டு வாங்க, நான் சமைக்கிறேன்" என்றாள். மாமி செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டார். "மகள் வராட்டி நானும் வரல்ல. இவ எந்த நாள் கோட்டையைப் பார்த்தது?"

நான் வெட்கப்பட்டுப் போனேன். எட்டு வருடமாக யாழ்ப்பாணத்தில் இருந்தும் என் மனைவி கோட்டைக்குள் கால் வைத்ததில்லை. வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டதுதான் மிச்சம். இப்ராஹீம் (அலை) அவர்கள் அறிமுகமில்லாத விருந்தினருக்குக் கன்றைப் பொரித்துக் கொண்டுவந்து வைத்த வரலாற்றைச் சொல்லும் திருக்குர்ஆன், அவர்களுடைய மனைவியும் அங்கே நின்றிருந்ததைச் சொல்லாமல் விடவில்லை. நற்செய்தியும் அவருக்கே கிடைத்தது. இதை மாணவர்களுக்குப் பாடமாக நடத்தும் எனக்கு வீட்டில் நினைவு வரவில்லை. முதல்நாள் மீதமிருந்த கறியோடு பாணும் சம்பலும் போதுமென்று கட்டிக்கொண்டு எல்லோருமாகப் புறப்பட்டோம்.

முதலில் பொது நூலகம். 1981 ஜூன் முதலாம் திகதி எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான இடம் அது. இன்று வெள்ளை வெளேரென்று மீண்டும் நிற்கிறது. பிள்ளைகள் வாசிக்கும் பகுதியில் பேத்தியை அரைமணி நேரம் உட்காரவிட்டோம். அடுத்து அருகிலேயே கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர், ஐந்து முனைகளோடு பெருப்பித்துக் கட்டினார்கள். கொத்தளத்தின்மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் நகரம், மறுபக்கம் பண்ணைக் கடல். என் மனைவி அந்தக் காற்றில் நீண்ட நேரம் நின்றாள். நான் அவசரப்படுத்தவில்லை.

பின்னர் சோனகத்தெரு. விருந்தினரை நான் வழக்கமாக இங்கே கூட்டி வருவதில்லை. இடிந்த சுவர்களைக் காட்டுவதில் என்ன இருக்கிறது என்று நினைப்பேன். மாமிதான், "உங்கட வீட்டைக் காட்டாம என்னத்தைக் காட்டுறீங்க?" என்று கேட்டார். திரும்பி வந்து குடியேறிய வீடுகளில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. ஒஸ்மானியாவும் கதீஜாவும் இயங்குகின்றன. பள்ளியில் பாங்கு ஒலித்தது. எனினும் எங்கள் வீட்டைப் போல் வெறுஞ்சுவராக நிற்பவையும் உள்ளன. வருவோர் பலருக்கு வீடில்லை. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் படிப்பும் தொழிலும் அங்கேயே வேரூன்றிவிட்டன.

மாமி வளவின் பின்புறம் நடந்தார். "சின்ன வயசில நீ சொல்லிட்டே இருப்பியே, 'எங்கட கிணத்துத் தண்ணி இப்படி உவர்க்காது' எண்டு. இதுதானா அது?"

கிணறு கல்லும் குப்பையுமாகத் தூர்ந்து கிடந்தது. அவர் வீட்டுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே அப்படிப் பெருமை பேசியிருக்கிறேன். அவர் அதை முப்பது வருடங்களுக்கு மேலாக மனத்தில் வைத்திருந்தார், கோபமாக அல்ல, பார்க்க வேண்டிய ஓர் இடமாக.

மூன்றாம் நாள்: நிலாவரையும் நீரேரியும்

மூன்றாம் நாள் காலை புத்தூர்ப் பக்கமுள்ள நிலாவரைக் கிணற்றுக்குப் போனோம். மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர் என்பது அங்கே உள்ள அதிசயம். முதல் நாள் சொன்ன பாடம் பேரனுக்குக் கண்ணால் கண்டதுபோல் விளங்கியது. சிறுவர்கள் கடலில் கால் நனைக்க வேண்டுமென்றால் காரைநகர் கசூரினாக் கடற்கரை நல்லது. அங்கே கடல் வெகுதூரம் வரை ஆழமில்லை. ஆயினும் பிள்ளைகளைக் கண்ணிலிருந்து விடக்கூடாது.

மாலையில் எங்கும் போகவில்லை. அரியாலை நீரேரிக் கரைக்கு நடந்தோம். மாரிக்குப் பின் தூர தேசங்களிலிருந்து பறவைகள் வரும் காலம் அது. பூநாரைகள் ஆழமில்லாத நீரில் வரிசையாக நின்றன. மீனவர்கள் வலையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வளவு அக்காவும் எங்களோடு வந்திருந்தார். மூன்று நாட்களில் பணம் செலவழியாத இந்த ஒரு மணி நேரத்தைத்தான் பிள்ளைகள் அதிகம் பேசினார்கள்.

சகோதரிகளே, உங்கள் ஊர் எதுவானாலும் சரி, விருந்தினர் வந்தால் இப்படிச் செய்து பாருங்கள். ஒரு நாளில் பத்து இடங்களை ஓட்டிக் காட்டாமல், நாளுக்கு இரண்டு இடம் போதுமென்று வையுங்கள். நீங்கள் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டுங்கள். உங்கள் மண்ணில் விளைவதை ஒரு வேளை கொடுங்கள். அயலவரை அறிமுகப்படுத்துங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்களும் கூடப் போங்கள். கணவன்மாரே, சமையலைச் சுருக்கினால் விருந்து சுருங்கிவிடாது.

புறப்படும்போது புழுக்கொடியலும், குட்டானில் பனங்கட்டியும், பனாட்டும் கட்டிக் கொடுத்தோம். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கு அது பருவமில்லை. மாமி பதிலுக்கு என் மனைவியின் கையில் ஒரு சிறு பொட்டலத்தைத் திணித்தார். உள்ளே பணம். "வீடு கட்ட இது காணாது. கிணத்தை இறைக்கக் காணும்" என்றார்.

தம் தாயாருக்காகச் செய்யத்தக்க சிறந்த தர்மம் எதுவென்று ஸஃது (ரலி) கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் தண்ணீரைச் சொன்னதும், அவர் கிணறு வெட்டியதும் நாம் அறிந்ததே. வீடு முழுவதும் கட்ட வசதி வந்தபின் பார்ப்போம் என்று நான் வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டிருந்தேன். மாமி போன மறுவாரம் நான்கு பேரைப் பிடித்துத் தூர் வாரினோம். மூன்றாம் நாள் பின்னேரம் அடியில் தண்ணீர் ஊறியது. கலங்கல் தெளிய இன்னும் இரண்டு நாள் விட்டோம். பின்பு ஒரு வாளி அள்ளிக் குடித்துப் பார்த்தேன். உவர்க்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

மாமிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "இப்பதான் மகன் நீங்க ஊருக்குப் போயிரிக்கீங்க" என்றார்.