வடசென்னைப் பேச்சில் பாலும் பெயரும்

தமிழில் வினைமுற்றுப் பால் காட்டும். ஆகலின், ஆடவர் ஒருவர் தாம் விரும்பும் ஆடவரைப் பற்றிப் பிறரிடம் கூறப் புகின், 'வந்தான்' என்னும் முதல் முற்றிலேயே செய்தி வெளிப்பட்டுவிடும். இவ்விடர்ப்பாடு சீனமொழியின் பேச்சு வழக்கில் இல்லை. ஆங்குத் 'தா' என்னும் ஒரு சொல்லே அவன், அவள் என்னும் இருபாற்கும் பொதுவாய் ஒலிக்கும். வினையும் பால் காட்டாது. எழுத்தில் பெண்பாற்குத் தனிவடிவம் பரவியதும் 20ஆம் நூற்றாண்டிலேதான். தமிழர் இவ்விடத்து 'அவங்க வந்தாங்க' எனப் பலர்பாலின் துணையை நாடுவர். உயர்வு கருதி வந்த பன்மை ஈண்டு மறைப்புக் கருதிய பன்மையாகின்றது. இப்பயனை இலக்கண நூலார் யாண்டும் கூறிற்றிலர்.

கூறாமைக்குக் காரணம் உண்டு. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஆண்மை திரிந்த பெயர்க்குத் தனக்கென ஈறு இல்லை என்றும், அஃது உயர்திணைப் பால்களுக்குரிய ஈற்றானே இசைக்கும் என்றும், ஆயினும் ஆண்பால் ஈற்றோடு பொருந்தாது என்றும் விதிப்பர். பவணந்தியார் ஒருபடி மேற்சென்று, பெண்மையை விட்டு ஆண்மையை அவாவும் பேட்டினை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவதனைப் பெண்பாலாகவும் கொள்வர். உடலன்றி அவாவே ஈண்டுப் பாலை வரையறுக்கின்றது என்பது எண்ணத்தக்கது. எனினும் இவ்விதிகள் தம் பாலையே வேறாக உணர்வாரைக் குறித்தன. ஆணாகவே நின்று ஆணை விழைவார்க்கு இவற்றில் இடமில்லை. அன்னார்க்கும் இந்நூற்பாக்களே சான்று என இக்காலத்து எழுதுவார் கூற்று எமக்கு உடன்பாடன்று.

வழக்கினை நோக்குவோம். கொடுங்கையூர்ப் பேருந்து நிறுத்தத்தில் ஒருநாள் மாலை இளைஞர் மூவர் உரையாடக் கேட்டோம். மூவரும் வேலை முடிந்து திரும்புவோர். தம்முள் 'வாடி', 'போடி' எனவும், மூத்தவரை 'அக்கா' எனவும் விளித்தனர். தெருக்காரர் ஒருவர் அணுகினார். அந்நொடியே, 'சரி, வரேன் மச்சான்' என்றார் ஒருவர். 'போடா' என்றார் மற்றவர். டகர இகரம் டகர ஆகாரமாகத் திரிந்ததற்குப் புணர்ச்சி விதி யாதுமில்லை; அண்டை வீட்டார் வருகையே விதி. இராயபுரம் முதல் எண்ணூர் வரை, துறைமுகத்தையும் ஆலைகளையும் சார்ந்து வாழ்வோர் தெருக்களில், வீடுகள் ஒன்றையொன்று ஒட்டியவை. அடுத்த வீட்டுச் செவிக்கு எட்டாத பேச்சு அரிது. ஒரு விகுதி தவறின் வேலையும் வாடகை வீடும் போகும்.

சென்னையில் இவ்வழக்கினர் தம்மைக் 'கோத்தி' என்பர். தாம் விரும்பும் ஆண்மைத் தோற்றத்தாரைப் 'பந்தி' என்பர். இருநிலைக்கும் உரியாரை நகர்ப் பேருந்தின் பெயரால் 'டபுள் டெக்கர்' என்பர். இளையாரைப் பேணும் மூத்தவர் 'அம்மா' ஆவர். இளையவர் 'மகள்' ஆவர். இவற்றுள் 'பந்தி' என்பதே ஆழ்ந்து நோக்கற்பாலது. அஃது ஒருவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று, பிறர் இட்டது. பந்தி எனப்படுவார் பெரும்பாலும் தம்மை 'ஆம்பளை' என்றே கூறுவர், திருமணமும் செய்திருப்பர். எனவே பெயரை வைத்து மக்களைத் தேடிச் சென்ற எச்.ஐ.வி. தடுப்புப் பணியாளர்க்குக் கோத்தியர் எளிதிற் கிடைத்தனர், பந்தியர் கிடைத்திலர். அடையாளத்தை விடுத்துச் செயலை மட்டும் குறிக்கும் 'எம்.எஸ்.எம்.' என்னும் எழுத்துத் தொகை அக்குறையை நீக்க வந்தது. பின்னர் அதுவும் சிலர்க்கு அடையாளமாயிற்று!

சீனமொழி பேசுவோரிடத்தும் நிலையால் வரும் பெயருண்டு. ஆங்கு ஆடவர் தம்மை 1, 0 என எண்களாற் குறிப்பர். அவை தாமே தேர்ந்த எண்கள். தமிழ்த் தெருவில் 'ஒன்பது' என்பதோ பிறர் எறியும் வசை. 'தோழர்' எனப் பொருள்படும் 'தோங்ஜி' என்னும் அரசியற் சொல்லை 1989இல் ஹாங்காங் திரைப்பட விழா ஒன்று தன்பால் விழைவார்க்கு உரியதாக்கியது. பழகிய சொல்லாதலின் எளிதிற் பரவியது.

தமிழில் நிகழ்ந்தது வேறு. 'திருநங்கை' என்னும் சொல் விரைந்து ஊன்றியது. ஆணை விரும்பும் ஆணுக்கு அத்தகைய சொல் வாய்த்திலது. சென்னை உயர்நீதிமன்றம் 2021 சூன் 7ஆம் நாள் வழங்கிய ஆணையின் தொடர்ச்சியாக, தமிழ்நாடு அரசு 2022இல் இப்பொருள்பற்றிய சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. வசைக்கு மாற்றாக மதிப்புடைய சொல் வேண்டும் என்பது அதன் நோக்கம், அந்நோக்கம் போற்றத்தக்கது. 'தன்பாலீர்ப்பு', 'பால்புதுமையர்' முதலியன இன்று எழுத்தில் பயில்கின்றன. பின்னதைக் கொடுங்கையூர் இளைஞர் ஒருவரிடம் கூறியபோது, பால் விற்பனையைப் பற்றியதோ என அவர் வினவினார். யாம் விளக்கினோம். சற்றே எண்ணியவர், 'எழுதறதுக்கு நல்லாயிருக்கு சார். எங்கம்மாகிட்ட எப்படிச் சொல்றது?' என்றார்.