சாதாரண ஜுரமா, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஜுரமா?

ஐப்பசி அடைமழை பிடித்ததும் காவிரிப் பாசனப் பகுதிகளில் இரண்டு வேலைகள் ஒன்றாக வந்து சேர்கின்றன. தாளடி நடவுக்கு ஆள் தேட வேண்டும். முன்பே நட்ட சம்பாவில் களையெடுத்து மேலுரம் போட வேண்டும். அதே நாட்களில்தான் வீட்டுக்கு வீடு சளியும் இருமலும் ஜுரமும் வருகின்றன. தமிழ்நாட்டில் இன்ஃப்ளூயன்ஸா என்னும் ஃப்ளூ ஜுரம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதிகமாகத் தலைகாட்டுகிறது. பேசி வைத்த ஆட்கள் வயலில் இறங்கிய நேரத்தில் வீட்டுக்காரருக்கு ஜுரம் வந்தால், மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வரப்பில் வந்து நிற்பதே கிராமங்களில் வழக்கம். பெண்களோ படுப்பதே இல்லை. பெரும்பாலும் இதனால் கெடுதல் ஒன்றும் நேருவதில்லை. அதனாலேயே உண்மையான அபாயம் வரும்போதும் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

ஃப்ளூவின் சாதாரணப் போக்கை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். காலையில் நன்றாக இருந்தவருக்கு மாலையில் திடீரென்று குளிரும் ஜுரமும் வரும். தலைவலி, உடம்பு முழுவதும் அடித்துப் போட்டாற்போல் வலி, வறட்டு இருமல், தொண்டை வலி ஆகியவை சேரும். மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் ஜுரம் இறங்கும். இருமலும் அசதியும் மேலும் ஓரிரு வாரம் நீடிக்கலாம். இந்த அளவோடு நிற்கும் ஜுரத்துக்கு ஓய்வும், அளவறிந்து கொடுக்கும் பாரசிட்டமாலும், அடிக்கடி நீர் ஆகாரமும் போதும். ஜுரக்காரரைப் பட்டினி போடும் பழைய பழக்கம் தவறு. கஞ்சி, மோர், இளநீர், ரசம் சாதம், எது இறங்குகிறதோ அதைக் கொடுக்கலாம். சுக்குக் கஷாயம் தொண்டைக்கு இதமாக இருக்கும்; ஆனால் நோயை அது நிறுத்தாது. ‘ஒரு ஊசி போட்டால் நாளைக்கே வேலைக்குப் போகலாம்’ என்று கேட்டு வாங்கும் ஊசியும் நிறுத்தாது. ஃப்ளூ வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் மருந்துகள் வைரஸைத் தொடுவதில்லை. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

எப்போது காத்திருக்கக் கூடாது? முதலாவதாக மூச்சைக் கவனிக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் இடையில் நிறுத்தி மூச்சிழுத்தல், நெஞ்சில் வலி அல்லது அழுத்தம், உதடும் நகமும் நீலம் பாரித்தல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று இருக்கலாகாது. பேச்சுக் குழறுதல், நாள் கிழமை தெரியாமல் உளறுதல், எழுப்பினால் எழுந்திராமை, வலிப்பு, எழுந்து நிற்க முடியாத தலைச்சுற்றல், எட்டு மணி நேரம் சிறுநீரே போகாமை, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, கோழையில் ரத்தம் ஆகியவையும் அவசர நிலையைக் குறிக்கின்றன. கொரோனாக் காலத்தில் பல வீடுகளில் வாங்கிய விரல் கருவி இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். வழக்கமாக நன்றாக இருப்பவருக்கு அளவு 94-க்குக் கீழே இறங்கினால் உடனே டாக்டரிடம் செல்ல வேண்டும். 90-க்குக் கீழே என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. சேற்றில் நின்று குளிர்ந்த விரலிலும் நகச்சாயம் பூசிய விரலிலும் கருவி தவறாகக் காட்டும்; கையைத் துடைத்துச் சூடாக்கியபின் பார்க்க வேண்டும். கருவி நல்ல எண்ணைக் காட்டினாலும் ஆள் மூச்சுக்குத் தவித்தால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

பலர் ஏமாறுவது வேறொரு இடத்தில். நான்காம் நாள் ஜுரம் விடுகிறது. குளித்துவிட்டு வயலுக்குப் போகிறார். ஓரிரு நாளில் மறுபடியும் ஜுரம், முன்னைவிடக் கடுமையான இருமல், பழுப்பான கோழை. ‘மழையில் நனைந்ததால் திரும்பிவிட்டது’ என்று வீட்டார் நினைப்பார்கள். ஃப்ளூவால் புண்பட்ட நுரையீரலில் பாக்டீரியா புகுந்து நிமோனியா ஆகியிருப்பதன் அறிகுறி இது. இந்த இரண்டாவது ஜுரத்துக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும். அதை டாக்டர் சோதித்துக் கொடுக்க வேண்டும். நன்றாகிப் பின் திரும்பும் ஜுரத்தை ஒருபோதும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

குழந்தைகளுக்குக் கணக்கு வேறு. குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, கடிகாரம் பார்த்து ஒரு நிமிஷம் முழுவதும் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60 அல்லது அதற்கு மேல், ஒரு வயதுக்குள் 50 அல்லது மேல், ஐந்து வயதுக்குள் 40 அல்லது மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். பால் குடிக்க மறுத்தல், அழும்போது கண்ணீர் வராமை, துவண்டு கிடத்தல் ஆகியவற்றைத் தாய் சொன்னால் பெரியவர்கள் ‘சளிதான்’ என்று தள்ளக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு வேறு அறிகுறி இல்லாவிட்டாலும், ஜுரம் ஒன்றே ஆஸ்பத்திரிக்குப் போதுமான காரணம்.

கர்ப்பிணிகள், அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இருதயம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்த அபாய அறிகுறிகள் வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. ஜுரம் கண்ட முதல் நாளே டாக்டரைப் பார்ப்பது நல்லது. ஓசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து, நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாகப் பலன் தருகிறது. நாற்றுக்கட்டு சுமக்கும் கர்ப்பிணிப் பெண்களை முதலில் அனுப்ப வேண்டும்.

விவசாயக் குடும்பங்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஃப்ளூ போலத் தோன்றுவதெல்லாம் ஃப்ளூ அல்ல. தண்ணீர் நிற்கும் வயலில் வெறுங்காலோடு வேலை செய்தவருக்கு ஜுரத்தோடு கெண்டைக்காலில் தாங்க முடியாத வலியும் கண் சிவப்பும் இருந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, காலிலுள்ள வெடிப்பு, சிராய்ப்பு வழியாகக் கிருமி உள்ளே செல்கிறது. கண் மஞ்சளித்துச் சிறுநீர் குறைந்தால் ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருப்பதாகக் கொள்ள வேண்டும். 2005-ல் மும்பை வெள்ளத்துக்குப் பின் இந்த நோய் பெருமளவில் பரவியது. ஜுரம் இறங்கும் சமயத்தில் கடும் வயிற்று வலியும், ஈறிலோ மூக்கிலோ ரத்தமும் கண்டால் டெங்குவைச் சந்தேகிக்க வேண்டும். பூச்சிமருந்து அடித்த அன்று மாலை தலைவலி, வாந்தி, வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், கண்ணில் நீர், தசை துடித்தல் தோன்றினால் அதைச் சளி என்று கணக்கில் எழுதக் கூடாது; விஷம் ஏறியிருக்கிறது. உடையைக் களைந்து சோப்புப் போட்டுக் கழுவி, மருந்துப் புட்டியையோ அதன் லேபிளையோ கையோடு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். எந்த வயலில் வேலை செய்தார், எந்த மருந்து அடித்தார் என்று டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். கோழிப் பண்ணையில் கோழிகள் கூட்டமாகச் செத்திருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில்தான் இந்தியப் பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் முதலில் கண்டறியப்பட்டது.

இளைஞருக்கு ஃப்ளூவால் ஒன்றும் ஆகாது என்று சொல்வோர் 1918-ஐ மறந்தவர்கள். அந்த ஆண்டு பருவமழை பொய்த்து, தானிய விலை ஏறியிருந்த வேளையில் வந்த இன்ஃப்ளூயன்ஸாவில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட, உழைக்கும் வயதினரே அதிகம் இறந்தனர். 2009-ல் உலகெங்கும் பரவிய எச்1என்1 ஃப்ளூவும் இளைஞர்களையும் கர்ப்பிணிகளையும் விட்டுவைக்கவில்லை. பன்றிக் காய்ச்சல் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டாலும், அது பரவுவது ஆளிடமிருந்து ஆளுக்கு, இருமலிலும் தும்மலிலும்தான்.

108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008 முதல் இலவசமாக ஓடுகிறது. கூப்பிடும்போது ஊர்ப் பெயரோடு ஒன்றியத்தையும், அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளியையும் சொன்னால் வண்டி தேடி அலையாது. மழையில் மண் சாலை உள்வாங்கியிருந்தால், நோயாளியைக் கட்டிலோடு தார்ச் சாலைவரை தூக்கி வந்து வைத்திருக்கலாம். மூச்சுத் திணறுபவரை மல்லாக்கப் படுக்க வைக்காமல், தலையணை முட்டுக் கொடுத்துச் சாய்ந்து உட்கார வைக்க வேண்டும். நினைவு தடுமாறும் ஆளின் வாயில் காப்பியோ கஷாயமோ ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டு போவது வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான். வழக்கமாகச் சாப்பிடும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளையும் பழைய சீட்டுகளையும் ஒரு பையில் போட்டுக் கூடவே அனுப்ப வேண்டும். ஜுரம் எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால் டாக்டருக்கு மிகவும் உதவும்.