மீட்டருக்கு இந்தப் பக்கம்

தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லிவிடலாம் தம்பி. "பைப் வேலைக்கு லைசன் எங்கே எடுப்பது?" என்று தம்புள்ளையில் கேட்டால் ஆளுக்கொரு கந்தோரைக் காட்டுவார்கள். வண்டி ஓட்டும் லைசன் போல ஒரே இடத்தில் வாங்கி முடிக்கிற காரியம் அல்ல இது. அத்திவாரமாக வேண்டியது தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ். எல்லார் வாயிலும் என்.வி.கியூ.

அதில் 7 மட்டங்கள். முதல் நான்கும் கைத்தொழில்காரருக்கு, 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். பைப் வேலைக்கு 3, 4 ஆகியவைதான் பேச்சு. 4 வைத்திருப்பவர் வேலையைத் தனியாகப் பொறுப்பேற்று முடிக்கக்கூடியவர் என்று அர்த்தம்.

வழி இரண்டு. தொழில் தெரியாத பையன் தொழிற்பயிற்சி அதிகாரசபை போன்ற நிலையத்தில் படிக்கலாம். உங்களைப் போல பாஸ் ஒருவரோடு பல வருஷம் வேலை செய்தவர் திரும்பவும் வகுப்பில் உட்காரத் தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை இருக்கிறது, நைட்டா என்ற பயிற்சி அதிகாரசபையில் விசாரியுங்கள். செய்த வேலைக்குச் சான்று காட்டி, மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும். தமிழில் மதிப்பீடு வேண்டுமென்று விண்ணப்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கை பழகியிருந்தாலும் 'ஏன்' என்ற கேள்விக்குத் தயாராக இருங்கள். பீ.வீ.சீ. குழாயை நேராக அறுத்து, பிசிறை நீக்கி, துடைத்து, குழாயின் வெளிப்பக்கமும் சொக்கட்டின் உட்பக்கமும் கம் பூசி, முழுக்க இறக்கிக் கொஞ்ச நேரம் பிடித்திருக்க வேண்டும். இது உங்களுக்குத் தூக்கத்திலும் வரும். குழாயில் அச்சிட்டிருக்கும் 1000 எதைச் சொல்கிறது? 1000 கிலோபஸ்கல் அழுத்தத்தை. ஏறக்குறைய 100 மீற்றர் உயரத் தண்ணீரின் கனம் அது. கூரைத் தாங்கி 6 மீற்றர் உயரத்தில் இருந்தால் கீழ்க் குழாய்க்கு வருவது சுமார் 60 கிலோபஸ்கல்தான். அப்படியென்றால் மெல்லிய குழாய் போதாதா? மோட்டர் லைனில் வால்வைப் பட்டென்று மூடினால் அழுத்தம் திடீரென்று எகிறும். குழாய் வெடிப்பதும் மூட்டு கழல்வதும் அப்போதுதான். இதை விளக்கத் தெரிந்தவர்தான் வீட்டுக்காரரிடமும் நியாயம் பேச முடியும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? மீட்டர் வரைக்கும் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு, அதில் நாம் கைவைக்கக்கூடாது. மீட்டருக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரர் பொறுப்பு. அங்கே நடப்பதைப் பெரும்பாலும் யாரும் வந்து பார்ப்பதில்லை. வரட்சிக் காலத்தில் தண்ணீர் மெதுவாக வந்தால், "லைனிலேயே மோட்டரைப் பூட்டித் தாங்களேன் பாஸ்" என்பார்கள். பூட்டினால் தெருக்குழாயில் அழுத்தம் இறங்கி, கசியும் மூட்டு வழியாக மண்ணிலிருக்கும் அழுக்கு உள்ளே இழுபடும். ஒரு வீட்டின் வசதி தெருவுக்கே வயிற்றோட்டமாக முடியலாம். நிலத்தொட்டியில் நிரப்பி, அங்கிருந்துதான் மோட்டர் இழுக்க வேண்டும்.

பெரிய கட்டட வேலைக்குப் போக நினைத்தால் இன்னொன்றையும் விசாரியுங்கள்: 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டம் கைவினைஞர்களைப் பதிவு செய்து அட்டை கொடுக்க இடமளிக்கிறது. பெயர்ப்பலகை மாட்டித் தொழில் நடத்துவதென்றால் வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். கடையும் போடுவதென்றால் மாநகர சபையிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாளைக்கே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. வேலை கொடுத்தவர்களிடம், என்ன வேலை, எந்த வருஷம் என்று எழுதிய கடிதம் கேளுங்கள். இனிச் செய்யும் ஒவ்வொரு வேலையையும் மேசன் பாஸ் சுவரைப் பூசுவதற்கு முன்னால் போனில் படம் எடுத்து வையுங்கள். பூசிய பிறகு எந்த மதிப்பீட்டாளருக்கும் உங்கள் மூட்டைக் காட்ட முடியாது.