மாருதி 800 தானுந்தின் பொதுவான பழுதுகள்

மாருதி 800 என்பது 1983 முதல் 2014 வரை இந்தியாவில் உற்பத்தி செய்யப்பட்ட, 796 கன செ.மீ. கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் பூட்டிய சிறிய தானுந்து ஆகும். இதன் உற்பத்தி நின்றுவிட்டதால் இன்று கைமாறும் ஒவ்வொரு மாருதி 800 வண்டியும் பயன்படுத்திய வண்டியே. வாங்கும் விலை குறைவு என்பதால் முதன்முறையாகத் தானுந்து வாங்கும் குடும்பங்கள் இதனை நாடுகின்றன. ஆனால் பழைய வண்டிக்கு ஆகும் மொத்தச் செலவில் வாங்கும் விலை ஒரு பகுதி மட்டுமே. இக்கட்டுரை இவ்வண்டியில் பரவலாகக் காணப்படும் பழுதுகள், அவற்றின் அறிகுறிகள், காரணங்கள், சீர்செய்யும் செலவு ஆகியவற்றை விளக்குகிறது. எடுத்துக்காட்டாக வேலூர் மாவட்டத்துப் பேரணாம்பட்டும் அதனை அடுத்த ஆம்பூர் தோல் தொழில் வட்டாரமும் கொள்ளப்படுகின்றன.

பின்னணி

முதல் மாருதி 800 வண்டி 1983 டிசம்பர் 14 அன்று அப்போதைய பிரதமர் இந்திரா காந்தியால் உரிமையாளரிடம் வழங்கப்பட்டது. வண்டிகள் அரியானாவின் குர்கான் ஆலையில் தயாராயின. 1986-இல் வண்டியின் உடலமைப்பு மாற்றப்பட்டது. இன்று சாலைகளில் காணப்படுபவை பெரும்பாலும் இவ்வமைப்பைச் சேர்ந்தவை. தொடக்கத்தில் கார்புரேட்டர் மூலம் எரிபொருள் பெற்ற இவ்வண்டி, 2000-ஆம் ஆண்டையொட்டிப் பல்முனை எரிபொருள் தெளிப்பு முறைக்கு மாறியது. பட்டறைகளில் இது எம்.பி.எஃப்.ஐ. என அழைக்கப்படுகிறது.

2010 ஏப்ரலில் பாரத் நிலை 4 மாசு விதிகள் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் நடைமுறைக்கு வந்தபோது அந்நகரங்களில் இதன் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தி முழுமையாக முடிவுற்றது. எனவே இவ்வகையின் கடைசி வண்டிகளும் 2029-இல் 15 ஆண்டு அகவையை எட்டிவிடும்.

உதிரிப்பாகங்கள் இன்றும் கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இதே குடும்பத்தைச் சேர்ந்த 796 கன செ.மீ. என்ஜின் ஆம்னி வண்டியில் 2019 வரை பயன்பட்டது. ஆகவே சிறு நகரப் பட்டறைகளும் இந்த என்ஜினை நன்கு அறியும்.

செலவின் மூன்று படிகள்

பழுதுநீக்கச் செலவு ஊருக்கு ஊர், பட்டறைக்குப் பட்டறை மாறும். எனினும் அதனை மூன்று படிகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

- முதற்படி: சில நூறு ரூபாயில் முடிபவை. தெர்மோஸ்டாட், தண்ணீர் ரப்பர் குழாய்கள், ஃபேன் பெல்ட், ஸ்பார்க் பிளக், அச்சு மூட்டின் ரப்பர் உறை போன்றவை.
- இரண்டாம் படி: சில ஆயிரம் ரூபாய் ஆகுபவை. கிளட்ச் தொகுதி, ரேடியேட்டர், ஆல்டர்னேட்டர், மின்கலம், முன்சக்கர அச்சு மூட்டு, ஸ்டியரிங் ராக் போன்றவை.
- மூன்றாம் படி: பல்லாயிரம் ரூபாய் ஆகுபவை. என்ஜினைப் பிரித்து முழுமையாகச் சீரமைத்தல், துருவேறிய அடித்தளத்தை வெட்டி ஒட்டுதல், முழு வண்டிக்கும் வண்ணம் பூசுதல் போன்றவை.

மூன்றாம் படிச் செலவுகளுள் பல, கவனிக்கப்படாத முதற்படிப் பழுதுகளின் விளைவாகவே எழுகின்றன. கீழ்க்காணும் பழுதுகளில் இத்தொடர்பைத் தெளிவாகக் காணலாம்.

குளிர்விப்பு அமைப்பு

இவ்வண்டியின் என்ஜின் தண்ணீரால் குளிர்விக்கப்படுவது. இதன் சிலிண்டர் கட்டை வார்ப்பிரும்பாலும், மேலுள்ள தலைப்பகுதி அலுமினியத்தாலும் ஆனவை. என்ஜின் மிகைவெப்பம் அடைந்தால் அலுமினியத் தலை நெளிகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள ஹெட் காஸ்கெட் எரிந்து, தண்ணீரும் எண்ணெயும் கலக்கின்றன. எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறம் பால் கலந்த காப்பியின் நிறத்தில் குழம்பு படிந்திருத்தல், சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காதிருத்தல், தண்ணீர் அடிக்கடி குறைதல் ஆகியன இதன் அறிகுறிகள். இந்நிலையில் தலையைக் கழற்றிச் சமன்செய்து புதிய காஸ்கெட் இட வேண்டும். இதற்கு வழிவகுக்கும் மூலப்பழுது பெரும்பாலும் அடைபட்ட ரேடியேட்டர், வெடித்த ரப்பர் குழாய், வேலை செய்யாத மின்விசிறி, அறுந்த ஃபேன் பெல்ட் ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கும். ஃபேன் பெல்ட் என்று வழங்கினும் இவ்வண்டியில் அது சுழற்றுவது தண்ணீர் பம்பையும் ஆல்டர்னேட்டரையுமே. ஆகவே மின்கல எச்சரிக்கை விளக்கு எரிந்து வெப்பமானியும் ஏறினால் வண்டியை உடனே நிறுத்துதல் வேண்டும்.

பேரணாம்பட்டு வட்டாரத்தில் இப்பழுதுக்கு இரண்டு காரணிகள் துணைபுரிகின்றன. முதலாவது, கோடையில் 40 பாகை செல்சியசைக் கடக்கும் வேலூர் மாவட்ட வெப்பம். இரண்டாவது, நிலத்தடி நீர். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாற்றுப் படுகை மாசுற்றமை குறித்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகத்து 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் சூடான பரப்புகளில் உப்புப் படிவு உண்டாகிக் குழாய்கள் அடைபடுகின்றன. குளோரைடு அலுமினியத்தை அரிக்கிறது. காய்ச்சி வடித்த நீருடன் கூலன்ட் கலந்து ஊற்றுவதே உரிய முறை. இது முதற்படிச் செலவில் அடங்கும்.

சில பட்டறைகளில் மிகைவெப்பத்தைக் குறைக்கும் பொருட்டுத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் வழக்கம் உண்டு. இதனால் என்ஜின் தன் உரிய வெப்பநிலையை எட்டத் தாமதமாகிறது. எரிபொருள் செலவும் தேய்மானமும் கூடுகின்றன. அடைபட்ட ரேடியேட்டரும் அவ்வாறே இருந்துவிடுகிறது.

என்ஜினும் எரிபொருள் அமைப்பும்

நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். பிஸ்டன் வளையங்களோ வால்வு சீல்களோ தேய்ந்திருத்தல் இதற்குக் காரணம். வால்வு சீல் மட்டும் எனில் செலவு குறைவு. வளையங்கள் எனில் என்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்கும். எது என அறிய ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளக்கும் சோதனை உதவும். மூன்று சிலிண்டர்களே உள்ளதால் ஒன்று பழுதுற்றாலும் வண்டி கடுமையாக அதிரும். கரும்புகை எரிபொருள் மிகுதியைக் குறிக்கும்.

கார்புரேட்டர் வண்டிகளில் தூசியால் ஜெட் துளைகள் அடைபடுதல், காலையில் கிளம்ப மறுத்தல், நின்ற நிலையில் அணைந்துபோதல் ஆகியன பொதுவானவை. இவற்றைச் சுத்தம் செய்து சீர்செய்யலாம். எரிபொருள் தெளிப்பு வண்டிகளில் உணரிகளும் தொட்டியினுள் உள்ள மின் பம்பும் பழுதாகின்றன. இங்குச் செலவைக் கூட்டுவது தவறான நோயறிதல்: கருவியால் சோதிக்காமல் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்கும்போது, நல்ல பாகங்களுக்கும் விலை கொடுக்க நேர்கிறது.

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-இல் நாடெங்கும் விற்பனைக்கு வந்துள்ளது. பழைய வண்டிகள் சிலவற்றில் ரப்பர் பாகங்களையும் காஸ்கெட்டுகளையும் முன்கூட்டியே மாற்ற நேரலாம் என அரசே தெரிவித்துள்ளது. பெட்ரோல் குழாய்களில் வெடிப்போ கசிவோ உள்ளதா என அவ்வப்போது பார்த்தல் தீ விபத்தைத் தவிர்க்கவும் இன்றியமையாதது.

கேம் தண்டைச் சுழற்றும் டைமிங் பெல்ட் ரப்பரால் ஆனது. பார்வைக்குத் தேய்மானம் தெரியாமலேயே அறுந்து, வண்டியை நடுவழியில் நிறுத்திவிடும். எப்போது மாற்றப்பட்டது என்ற பதிவு இல்லாத வண்டியில் அதனை வாங்கியவுடன் மாற்றுவது நல்லது.

கிளட்ச், அச்சு, ஸ்டியரிங்

கிளட்ச் தேய்ந்த வண்டியில் என்ஜின் வேகம் கூடினாலும் வண்டியின் வேகம் கூடாது. சமதளத்தில் மறைந்திருக்கும் இக்குறை ஏற்றத்தில் வெளிப்படும். கிளட்ச் மாற்றக் கியர்பெட்டியை இறக்க வேண்டும் என்பதால் கூலி கணிசமானது. அதே வேளையில் என்ஜினின் பின்புற ஆயில் சீலையும் மாற்றிவிட்டால் இரண்டாம் முறை கூலி மிச்சமாகும்.

இது முன்சக்கர இயக்க வண்டி. முன் அச்சுகளின் மூட்டுகளை மூடியுள்ள ரப்பர் உறை கிழிந்தால் கிரீசு வெளியேறி மணலும் நீரும் உட்புகுகின்றன. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி ஓட்டும்போது 'டக், டக்' என ஒலி எழுந்தால் மூட்டு தேய்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். உறையை மாற்றும் செலவு சில நூறு ரூபாய். மூட்டை மாற்றும் செலவு அதன் பன்மடங்கு.

நிறுத்த அமைப்பு

பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரம் ஏறிய திரவத்தின் கொதிநிலை குறைகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தினால் திரவம் கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றி, மிதி தரைவரை சென்றும் வண்டி நிற்காமல் போகலாம். பேரணாம்பட்டிலிருந்து ஆந்திராவின் வி.கோட்டா செல்லும் மலைப்பாதை போன்ற இடங்களில் இது உயிருக்கே ஆபத்தானது. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் செல்வதும், திரவத்தைக் கையேடு கூறும் கால இடைவெளியில் மாற்றுவதும் தேவை. பின்சக்கர சிலிண்டர்களின் கசிவு மற்றொரு பொதுவான குறை. சக்கரத்தின் உட்புற ஈரக்கறையால் இதனை அறியலாம்.

துரு

தனிச் சட்டம் இன்றி உடற்கூடே பாரத்தைத் தாங்கும் அமைப்பு இவ்வண்டியுடையது. எனவே துரு வெறும் தோற்றக் குறையன்று. வண்டியின் வலிமையையே குறைப்பது. மிதிகளின் கீழுள்ள தரை, கதவுகளின் அடிவிளிம்பு, சக்கர வளைவுகள், மின்கலத்தின் அடித்தட்டு ஆகியன முதலில் பாதிக்கப்படும். தோல் தொழிலில் பச்சைத் தோல்கள் உப்பிட்டுப் பாதுகாக்கப்படுகின்றன. அத்தகைய தோல் ஏற்றிய வண்டியில் உப்புநீர் சொட்டினால் துரு விரைந்து பரவும். கால்மிதி விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் இவ்வட்டாரத்தில் வண்டி வாங்கலாகாது.

சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் ஏற்பட்ட வெள்ளங்களில் ஏராளமான வண்டிகள் நீரில் மூழ்கின. நீரில் மூழ்கிய வண்டியை இருக்கைத் திருகுகளின் துரு, இருக்கைப் பட்டையை முழுதும் இழுத்தால் தெரியும் சேற்றுக்கறை, புழுக்க நாற்றம் ஆகியவற்றால் இனங்காணலாம்.

வாங்குமுன் செய்யும் சோதனைகள்

- என்ஜின் முற்றிலும் ஆறிய நிலையில் கிளப்பிப் பார்த்தல். விற்பவர் முன்னரே சூடேற்றி வைத்திருந்தால் மற்றொரு நாள் வருதல்.
- ஆறிய நிலையில் ரேடியேட்டர் மூடியையும் எண்ணெய் மூடியையும் திறந்து பார்த்தல்.
- 20 நிமிடங்களுக்குக் குறையாமல் ஓட்டி, மின்விசிறி தானாகச் சுழல்கிறதா எனக் கவனித்தல்.
- ஓர் ஏற்றத்திலும் மேடுபள்ளமான சாலையிலும் ஓட்டுதல்.
- தூர அளவியின் எண்ணை மட்டும் நம்பாது மிதிகளின் ரப்பர், ஸ்டியரிங், இருக்கை ஆகியவற்றின் தேய்வோடு ஒப்பிடுதல்.
- விற்பவருடன் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டுதல்.

ஆவணங்களும் கட்டணங்களும்

பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த தானுந்தின் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகத்தில் 10,000 ரூபாயாக்கப்பட்டது. இதனுடன் தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. தகுதிச் சோதனையில் தேற வண்டியைச் சீர்செய்யும் செலவு தனி. ஆகவே பதிவு முடியும் நிலையிலுள்ள வண்டிக்கு இத்தொகையைக் கழித்தே விலை பேச வேண்டும்.

பேரணாம்பட்டு ஆந்திர எல்லையை ஒட்டியது. கர்நாடகமும் தொலைவில் இல்லை. அங்கிருந்து வரும் வண்டிகளுக்குப் படிவம் 28-இன் வழி தடையின்மைச் சான்று பெற்று, இங்கு வரி செலுத்தி மறுபதிவு செய்தல் வேண்டும். இச்செலவு சேரும்போது மலிவாகத் தோன்றிய வண்டி மலிவாக இராது. கடனில் வாங்கப்பட்ட வண்டியாயின் கடன் தீர்ந்தமைக்கான படிவம் 35 தேவை.

உரிமை மாற்றத்தைப் படிவம் 29, 30 ஆகியவற்றின் மூலம் பதிவு செய்யாமல் விடுவது விற்பவருக்கே பெருங்கேடு. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் எனவும், வண்டி பல கைகள் மாறியிருந்தாலும் விபத்து இழப்பீட்டிற்கு அவரே பொறுப்பு எனவும் 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாங்குபவர் காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- உள்ளெரி பொறி
- கார்புரேட்டர்
- மோட்டார் வாகனச் சட்டம், 1988
- பாலாறு
- பேரணாம்பட்டு